எட்டு லட்டுகளின் கணக்கு

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்களுள் பலருக்கும், அவர் 41 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவர் என்னும் செய்தி புதிதாக இருக்கக்கூடும். 1941ஆம் ஆண்டு இந்தியன் வங்கியில் பணியில் சேர்ந்தார். 1982ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை வங்கிப் பணியிலேயே இருந்தார். பகலெல்லாம் பேரேடும் பற்று வரவும், மற்ற நேரமெல்லாம் குழந்தைகளும் என்று வாழ்ந்தவர். வங்கி வாடிக்கையாளர்கள் படிக்கும் இதழொன்றில் அவரை நினைவுகூர்வதற்கு இது ஒன்றே போதும். வங்கி எதுவாயினும் பேரேடு ஒன்றுதானே!

எனினும், இன்னொரு காரணமும் உண்டு. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவருடைய நூல்களை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பது பற்றிப் பரவலாக நிலவும் கருத்து ஒன்றிலிருந்து நாங்கள் மாறுபடுகிறோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வங்கியில் இருந்துகொண்டு குழந்தைகளுக்கு எழுதியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. தேரையும் நீரெலியும் நண்பர்களாக உலவும் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்னும் ஆங்கில நூலை எழுதிய கென்னத் கிரஹாம், இங்கிலாந்து வங்கியின் செயலாளராகப் பணியாற்றியவர். அந்நூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் வங்கியை விட்டு விலகிவிட்டார். நம் கவிஞரோ இரண்டையும் விடவில்லை. அதனால் வங்கி அவருடைய பாட்டுக்குள்ளும் புகுந்துகொண்டது என்பது எங்கள் எண்ணம். அவருடைய லட்டுப் பாட்டே அதற்குச் சான்று.

அந்தப் பாட்டை அறியாத தமிழர் அரியர். ஒரு வட்டத் தட்டு. அதில் எட்டு லட்டுகள். பாதியை அண்ணன் கிட்டு எடுத்துக்கொள்கிறான்; மிச்சப் பாதி தங்கை பட்டுவின் வாய்க்குள் போகிறது. முடிவில் எஞ்சுவது வெறுந்தட்டு. கதை அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு வங்கி எழுத்தரின் கண்ணோடு பாருங்கள். தொடக்க இருப்பு எட்டு, செலவு நான்கு, மீண்டும் செலவு நான்கு, இறுதி இருப்பு ஒன்றுமில்லை. அது மட்டுமா? தின்று முடித்த பின்னும் கவிஞர் விடுவதில்லை. யாருக்கு எத்தனை என்று மறுபடியும் எண்ணிச் சரிபார்த்துக் காட்டிவிட்டுத்தான் பாட்டை முடிக்கிறார். கணினி வருவதற்கு முன் வங்கிகளில் அன்றைய கணக்கு நேராகாமல் யாரும் வீட்டிற்குப் புறப்பட முடியாது. ஓர் அணா இடித்தாலும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். அந்தப் பழக்கம் உடையவர் எழுதிய பாட்டு இது என்று நாங்கள் சொன்னால் வாசகர்கள் மிகையென்று நினைக்கமாட்டார்கள்.

பகிர்வில் அண்ணனுக்கு ஒன்றுகூட அதிகமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு பங்கு மிகுதியாக வைப்பது பல வீடுகளில் இயல்பாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட பாட்டு அது. அறிவுரை என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆளுக்கு நான்கு, கணக்கு முடிந்தது. வள்ளியப்பா எழுதிய முதல் கதைக்கு 'ஆளுக்குப் பாதி' என்பது பெயர் என்று அறியும்போது, தொடக்கம் முதலே அவர் மனத்தில் இருந்தது இந்தக் கணக்குத்தானோ என்று தோன்றுகிறது.

அந்தக் கதை பிறந்த இடம் சென்னைச் 'சக்தி' இதழின் அலுவலகம். 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்த வள்ளியப்பா, 1940ஆம் ஆண்டு அவ்வலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்தாளர் தி. ஜ. ர. அவரை எழுதத் தூண்டினார். மறு ஆண்டே வங்கி வேலை கிடைத்தது. 1944ஆம் ஆண்டு 23 பாடல்கள் மட்டுமே கொண்ட 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே பெயரில் வந்த தொகுதியில் 135 பாடல்கள் இருந்தன. 1961ஆம் ஆண்டு இரண்டாம் தொகுதி வந்தது. அவர் வாழ்நாளில் எழுதிய குழந்தைப் பாடல்கள் 2000க்கும் மேல் என்பர். சிறுசேமிப்பின் இயல்பை அறிந்த நமக்கு இந்த வளர்ச்சி வியப்பளிக்காது.

அவருக்கு முன்னும் குழந்தைகளுக்குப் பாடியவர்கள் உண்டு. பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பாடினார். ஆனால் அவர்களுக்குக் குழந்தைகள் பல வாசகர்களுள் ஒரு சாரார். வள்ளியப்பாவுக்கோ குழந்தைகளே முழு உலகம். தாம் எழுதியது போதாதென்று பிறரையும் எழுதவைத்தார். 1950ஆம் ஆண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதில் அவருடைய பங்கு பெரிது. 'பூஞ்சோலை' முதலிய சிறுவர் இதழ்களுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் 1983 முதல் 1987 வரை 'கோகுலம்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மறைந்தார்.

இனிப் பெங்களூருக்கு வருவோம்.

1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே தண்டு எனப்படும் படைமுகாமை அமைத்த காலம் தொட்டு, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பின்னர் ஆலைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் வேலைக்கு வந்தவர்கள் பலர். இப்போது மென்பொருள் அலுவலகங்களுக்கு வருவோர் இன்னும் பலர். எந்தக் காலத்தில் வந்தவராயினும் ஒரு செய்தி பொதுவானது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். எங்கள் தமிழில் கன்னடமும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். சென்னைக்குப் போனால் உறவினர்கள் சிரிப்பார்கள்.

அத்தகைய வீடுகளில் வள்ளியப்பாவின் நூல்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன? பெரும்பாலும் கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் வந்தன. சேலத்திலோ வேலூரிலோ திருச்சியிலோ இருந்த மாமாவும் சித்தியும் ரயிலேற்றிவிட வரும்போது வாங்கித் தருவார்கள். மெல்லிய நூல்கள், பெரிய எழுத்து, பக்கத்திற்கொரு கோட்டோவியம். ஊறுகாய் ஜாடியின் எண்ணெய் பட்டுச் சில பக்கங்கள் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். அந்த நூல்கள் ஒரு வீட்டில் தங்கியதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், அட்டை இழந்து, சில வேளைகளில் முதல் பக்கமும் இழந்து திரும்பி வரும். அதனால்தான் எங்களில் பலருக்குப் பாட்டுத் தெரியும், பாடியவர் பெயர் தெரியாது. தாலாட்டையும் விடுகதையையும் போல இவையும் யாரோ எக்காலத்திலோ சொன்னவை என்றே நினைத்திருந்தோம். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா என்று கேட்கலாம். எனினும், பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே முறை.

பள்ளியில் எங்களுக்கு வேறொரு செல்வமும் கிடைத்தது. கன்னடத்தில் ஜி. பி. ராஜரத்னம் குழந்தைகளுக்குப் பாடிய 'துத்தூரி'ப் பாடல்களை இந்நகரில் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. வண்ணத் தகர ஊதுகுழல் ஒன்றை வாங்கிக்கொண்டு பெருமிதத்துடன் திரியும் சிறுவன், குளக்கரையில் வழுக்கி நீரில் விழ, குழலின் ஒலியும் போய் அவன் பெருமையும் போகிற பாட்டு அது. குவெம்பு எழுதிய கிந்தரிஜோகியின் கதையும் அவ்வாறே. காலையில் பள்ளியில் ராஜரத்னம், மாலையில் வீட்டில் வள்ளியப்பா. இரண்டு மொழிகளின் குழந்தைக் கவிஞர்கள் ஒரே பிள்ளையை வளர்த்த ஊர் இது. சென்னையில் வளர்ந்த எங்கள் உறவினர்களுக்கு இந்தப் பேறு கிட்டவில்லை என்பதைச் சிறிது செருக்குடனேயே சொல்லிக்கொள்கிறோம்.

இன்றைய நிலை வேறு. இந்நகரின் பல தமிழ் வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் தமிழைச் சரளமாகப் படிப்பவர்கள். பெற்றோர் எழுத்துக்கூட்டியேனும் படித்துவிடுவர். பிள்ளைகள் தமிழ் பேசுவர். ஆனால் பலருக்கு எழுத்துத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று மூன்று எழுத்து முறைகளைக் கற்கும் பிள்ளையின் தலையில் நான்காவதை ஏற்றுவதா என்று பெற்றோர் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமானதே. "முதலில் எழுத்தைக் கற்கட்டும்; பிறகு புத்தகம் வாங்கித் தருவோம்" என்கின்றனர். இந்த இடத்தில்தான் நாங்கள் மாறுபடுகிறோம். எழுத்துக்காகக் காத்திருந்தால், எழுத்து வரும் வயதில் பாட்டுக்குரிய வயது கடந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் லட்டுப் பாட்டைக் கொடுத்தால் அது நாகரிகமாகப் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

வள்ளியப்பாவின் பாடல்கள் கண்ணுக்காக எழுதப்பட்டவை அல்ல. காதுக்கும் வாய்க்கும் எழுதப்பட்டவை. சொற்கள் சிறியவை. அடிகள் குறுகியவை. எதுகை தவறாமல் வந்து அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான்கு வயதுப் பிள்ளை மூன்று முறை கேட்டால் நான்காம் முறை தானே சொல்லிவிடும். எழுத்தறியாத பாட்டிகள் எத்தனையோ பேர் இவற்றை முழுமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குத் தடையாகாத எழுத்து பேரப்பிள்ளைக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? முதலில் பாட்டு வாய்க்கு வரட்டும். பாட்டு மனப்பாடமான பின் அதே பக்கத்தைப் பிள்ளையின் முன் விரித்து வைத்து, சொல்லச் சொல்ல விரலை ஓட்டிக் காட்டினால், 'ட்டு' என்னும் எழுத்துகள் பக்கமெங்கும் அமர்ந்திருப்பதை அதுவே கண்டுபிடித்துவிடும். அரிச்சுவடியில் நாலு வாரம் ஆகும் வேலை இது.

பெங்களூர்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. லட்டுப் பாட்டின் ஏறத்தாழ எல்லா அடிகளும் 'ட்டு' என்று வல்லென்று முடிபவை. கன்னடம் பழகிய நாவு அந்த இனிப்பை 'லாடு' என்று மெல்லொலியால் சொல்லும். அப்படிச் சொன்ன உடனே பாட்டு இடறும். தட்டும் எட்டும் அதனோடு சேர மறுக்கும். தட்டு கன்னடத்தில் 'தட்டெ' ஆகும். எட்டுக்கு அங்கே நடுவில் ஒரு ணகரம் வரும். 'விட்டு' என்பதன் வகரம் அங்கே பகரமாகி ஒலிக்கும்; 'வா' என்பது 'பா' ஆவதுபோல. யாரும் இலக்கணம் நடத்தாமலே, இரண்டு மொழிகளும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது பிள்ளையின் காதில் விழுந்துவிடுகிறது. கிட்டு என்ற செல்லப்பெயரோ இரு மொழி வீடுகளுக்கும் சொந்தம். மொழியியல் வகுப்பில் பிற்காலத்தில் கற்க வேண்டியதை எட்டு லட்டுகள் கற்றுக் கொடுக்கும்போது வேண்டாமென்பானேன்?

கைப்பேசியில் இப்பாடல்கள் வண்ணப்படங்களோடு வருகின்றனவே, அவை போதாவா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றை நாங்கள் வெறுக்கவில்லை. வெளியூரில் தனியாக இருக்கும் இளம் தாய்க்கு அவை பெரிய உதவி. ஆயினும், திரை பாடும்போது பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பாட்டி பாடினால் நடுவில் நிறுத்தி, "மிச்சம் எத்தனை?" என்று கேட்பாள், பிள்ளை விரலை மடக்கும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் திருத்தவும் வைப்பாள். திரைக்கு அந்தக் குறும்பு தெரியாது.

நம் நகரிலிருந்தே நல்ல படக்கதை நூல்கள் தமிழில் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் பெங்களூரைச் சேர்ந்ததே. பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் நூல் வெளியிடும் அந்நிறுவனம், 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகளை இலவசமாகவும் தருகிறது. ஓவியத்திலும் பொருளிலும் அவை வள்ளியப்பா கால நூல்களைவிடப் பல படிகள் முன்னேறியவை. இதை மறுப்பவர் பழமையின் மேல் உள்ள பற்றால் மறுக்கிறார். ஆனால் படித்து முடித்த கதையைப் பிள்ளை கதையாக நினைவில் வைக்கிறது. பாட்டையோ சொல் மாறாமல் வைக்கிறது. எண்பது வயதில் பல பெயர்களை மறந்தவர்கள்கூட இளமையில் கற்ற பாட்டை ஓர் அடி விடாமல் சொல்வதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். ஆகவே படக்கதையும் இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும்.

பழைய நூல்களில் பிள்ளைகளுக்கு விளங்காத பொருள்கள் வரும் என்பது உண்மை. அணா என்றால் என்ன, காலணா என்றால் என்ன என்று கேட்பார்கள். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நூறு பைசாக் கணக்கு வருவதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா என்பதையும், பதினாறைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போகலாம் என்பதையும் தாத்தா விளக்க ஓர் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வங்கிக்குக் கைப்பேசி வழியாகவே சென்று வரும் தலைமுறைக்கு நாணயத்தைக் கையில் வைத்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

பாடல்களின் புகழில் அவருடைய உரைநடை நூல்கள் மறைந்துவிட்டதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. 'நீலா மாலா', 'பர்மா ரமணி' ஆகிய சிறுவர் நாவல்களைச் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். காந்தியடிகளின் வாழ்வைப் பாட்டாகவே சொன்ன 'பாட்டிலே காந்தி கதை'யும், ஈசாப் கதைகளைப் பாட்டாக்கிய நூலும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. எல்லாவற்றினும் நாங்கள் விரும்புவது தென்னாட்டு ஆறுகளைப் பற்றி நேஷனல் புக் டிரஸ்டுக்காக அவர் எழுதிய 'நமது நதிகள்'. அது பிற இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. தலைப்பில் உள்ள 'நமது' என்ற சொல்லை இந்நகரத்துப் பிள்ளைகள் வேறு விதமாகவே படிப்பார்கள். பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவதும் நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலிருந்து மேடேறி வரும் காவிரி. தஞ்சை வயலில் பாய்வதும் அதே காவிரி. ஆற்றுக்கு இரு கரையிலும் உறவினர் உள்ள எங்களைப் போன்றோர் வீட்டில் அந்நூல் ஒன்று இருப்பது நல்லது.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சென்னைப் பதிப்பகங்கள் அவருடைய பாடல் தொகுதிகளை மறுபதிப்பாகக் கொண்டுவருகின்றன. புத்தகக் காட்சிக்குச் செல்லும் உறவினரிடம் சொல்லிவைக்கலாம். டிரங்குப் பெட்டி போய் முதுகுப்பை வந்திருக்கிறதே தவிர, வழி பழைய வழிதான். அல்சூர் ஏரிக்கு அருகில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அச்சங்கம் தொடங்கியதும் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்த அதே 1950ஆம் ஆண்டில்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது சிறு நூலக அலமாரிகள் வைக்கின்றனர். அவற்றில் ஆங்கில நூல்களுக்கு நடுவே கன்னடத்திலும் தமிழிலும் ஐந்தைந்து பாட்டு நூல்கள் இருந்தால் இடம் குறைந்துவிடாது. பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரும் நெகிழிப் பொம்மையின் விலைக்குள் ஒரு பாட்டுப் புத்தகம் அடங்கிவிடும்.

புத்தகம் வந்ததும் அலமாரியில் வைக்காமல் அன்றிரவே ஒரு பாட்டைச் சொல்லிப் பாருங்கள். லட்டுப் பாட்டிலேயே தொடங்கலாம். ஆனால் ஒன்று: வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எட்டை மூன்றாக வகுத்தால் ஆளுக்கு இரண்டு போக இரண்டு மிஞ்சும். அந்த இரண்டும் யாருக்கு என்று கவிஞர் எழுதி வைக்கவில்லை. கடைக்குட்டிக்கு என்று ஒரு பிள்ளை சொல்லும். உடைத்துப் பங்கிடலாம் என்று இன்னொன்று சொல்லும். பாட்டு சொன்ன பாட்டிக்கே என்று மூன்றாவது சொல்லும். அன்று எல்லாரும் உறங்க நேரமாகும்.